மூன்று மஞ்சள் வயரும் ஒரு சிவப்பு டேப்பும்: ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லாருக்கும்,

என் பைக் சரியாகிவிட்டது. போன சனிக்கிழமை ராத்திரி குரோம்பேட்டையிலிருந்து விழுப்புரம் வரை ஹெட்லைட்டை அணைக்காமல் போய், ஊரில் தூங்கி, மறுநாள் ராத்திரியே திரும்பியும் வந்துவிட்டேன். எங்கேயும் நிற்கவில்லை. வண்டி நடுவழியில் நின்றுவிடுகிறதே என்று ஏழு மாதமாக என் புலம்பலைக் கேட்டவர்களுக்கு இதைச் சொல்லியே ஆகணும். 2006 மாடல் வண்டி, என்ன கம்பெனி என்று எழுதப் போவதில்லை. இத்தனை வருஷம் உழைத்த வண்டியைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, தவிர தப்பு யார் மேல் என்று கீழே வரும்.

முதல் நன்றி அச்சிறுபாக்கம் தாண்டி ஹைவேயில் டீக்கடை வைத்திருக்கும் அண்ணனுக்கு. அன்றைக்கு ராத்திரி பதினொன்றரை இருக்கும். ஹெட்லைட் மங்கி மஞ்சளாகி, இண்டிகேட்டர் போட்டால் மீட்டர் முள்ளே துடித்து, கடைசியில் இன்ஜின் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. என் வண்டியில் ஸ்பார்க்குக்கும் பேட்டரிதான் வேண்டும், அதனால் கிக்கரை எத்தனை உதைத்தும் பிரயோஜனமில்லை. வண்டியைக் கடைக்குப் பின்னால் போடச் சொல்லி, டீயும் கொடுத்து, காசு வாங்காமல், விழுப்புரம் போகிற லாரியில் ஏற்றியும் விட்டார். அதைவிடப் பெரிய உதவி அவர் கேட்ட ஒரு கேள்வி. "ஏன் தம்பி, போன மாசமும் ராத்திரிலதான நின்னுச்சு? பகல்ல நிக்காதா?" அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அதற்குள் புது பேட்டரி போட்டாயிற்று. இரண்டே மாதத்தில் அதுவும் படுத்தது. அப்புறம் ஆர்ஆர் யூனிட் மாற்றினேன், அதாவது இன்ஜின் சுற்றும்போது கரண்ட் தயாரிக்கிற காயிலிலிருந்து வரும் ஏசி கரண்ட்டை டிசியாக்கி, வோல்ட்டும் எகிறாமல் பார்த்துக்கொள்ளும் அந்த ரெக்கை வைத்த அலுமினியப் பெட்டி. ஒரு மாதம் நன்றாக ஓடியது, மறுபடி அச்சிறுபாக்கம். பட்டறையில் அடுத்து "காயில் போயிருக்கும்" என்றார்கள். மீட்டரை எடுக்கவே இல்லை, ஆனால் கொட்டேஷன் மட்டும் உடனே வந்தது.

சரி, காயிலுக்குப் புதுக் கம்பி சுற்றிக் கட்டக் கொடுத்தால் பாதிக் காசில் முடியுமே என்று மேக்னட் கவரை நானே கழற்றி, காயிலோடு பையில் போட்டு, மின்சார ரயிலில் மடியில் வைத்து எழும்பூர் போய் புதுப்பேட்டைக்கு நடந்தேன். பேண்ட்டில் ஆயில் கறை இன்னும் போகவில்லை. அங்கே காயில் கட்டும் பெரியவருக்கு இரண்டாவது நன்றி. வாங்கிப் போட்டுக்கொண்டு 'நாளைக்கு வா' என்று சொல்லியிருந்தால் எனக்கு எதுவும் தெரிந்திருக்காது. அவர் காயிலிலிருந்து வரும் மூன்று மஞ்சள் வயரையும் இரண்டிரண்டாகப் பிடித்து மீட்டரில் ஓம்ஸ், அதாவது மின்தடை பார்த்தார். மூன்று ஜோடியிலும் 0.8. மீட்டர் முனைகளை ஒன்றோடொன்று தொட்டாலே 0.3 காட்டியது, அதைக் கழிக்கணும் என்றார். அப்புறம் ஒவ்வொரு மஞ்சளுக்கும் காயிலின் இரும்புக்கும் நடுவில் பார்த்தார், எதுவும் காட்டவில்லை, காட்டவும் கூடாது. பக்கத்தில் கிடந்த வேறொரு காயிலை எடுத்து என் மூக்குக்குக் கிட்டே நீட்டினார். கம்பி சுற்றின மூன்று நாலு பல் மட்டும் கரிக்கட்டையாய், வார்னிஷ் பொரிந்து, தீய்ந்த வாடை. "செத்த காயில் இது. உன்னுது உசுரோட இருக்கு, எடுத்துட்டுப் போ." பத்து ரூபாய் கூட வாங்கவில்லை. (திரும்ப மாட்டும்போது பழைய பேக்கிங்கையே போட்டு ஆயில் ஒழுகியது வேறு கதை.)

இனி எங்கள் மாடி வீட்டு வாத்தியார் சார். ஐடிஐயில் வயர்மேன் பாடம் எடுத்து ரிட்டயர் ஆனவர். மூன்று ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தை எனக்காக விட்டார். முதல் ஞாயிறு வண்டியைத் தொடவே விடவில்லை. "பேட்டரியை வெளிய சார்ஜ் போட்டு எடுத்துட்டு வா தம்பி, பசியில இருக்கிற பேட்டரிய வச்சு எதையும் டெஸ்ட் பண்ணக் கூடாது" என்று அனுப்பிவிட்டார். இரண்டாவது ஞாயிறு ரிச்சி தெருவில் வாங்கின என் மல்டிமீட்டரோடு உட்கார்ந்தோம். வண்டி நிற்கும்போது பேட்டரியில் 12.7 வோல்ட். ஸ்டார்ட் பண்ணி 4000 ஆர்பிஎம்மில் பிடித்தால் 13.7. "பரவால்லையே" என்றேன். ஹெட்லைட்டைப் போடச் சொன்னார். 12.6, சும்மா நிற்கும்போது இருந்ததைவிடக் கம்மி, அதாவது சார்ஜே ஏறவில்லை. ஐடிலில் விட்டால் 12.1. டீக்கடை அண்ணனின் கேள்வி எனக்கு அப்போதுதான் மண்டையில் இறங்கியது.

காயில் வயரை இணைக்கிற பிளக்கை, அதாவது கப்ளரைக் கழற்றி மூன்று மஞ்சளுக்கும் நடுவில் ஏசி வோல்ட் பார்த்தோம்: 52, 53, 52. பெரியவர் சொன்னது சரி, காயிலில் குறையில்லை. ஆர்ஆர் யூனிட்டோ புதுசு. அங்கேயிருந்து பேட்டரிக்குப் போகும் வயரை நான் ஏற்கனவே மீட்டரில் பீப் வைத்து, அறுந்திருக்கிறதா என்று பார்த்திருந்தேன், சத்தம் வந்தது, வயர் ஓகே என்று விட்டுவிட்டேன். அதைச் சொன்னதும் வாத்தியார் சிரித்த சிரிப்பை மறக்க மாட்டேன். மீட்டர் பீப் அடிக்க அனுப்புகிற கரண்ட் துளியூண்டு, ஒற்றை இழை ஒட்டியிருந்தாலும் அது போய்விடும், ஏழு ஆம்ப் போகுமா என்று அது எப்படிச் சொல்லும் என்றார். அதனால் வண்டி ஓடும்போதே, ஹெட்லைட் எரியும்போதே பார்க்கணும். மீட்டரை டிசியில் வைத்து ஒரு முனையைப் பேட்டரி பிளஸ்ஸிலும், இன்னொன்றை ஆர்ஆர் யூனிட்டின் பிளஸ் வயரில் கப்ளருக்குப் பின்பக்கமாகச் சொருகியும் பிடித்தோம். ஒரே வயரின் இரண்டு நுனி, கிட்டத்தட்ட சைபர் காட்டணும். 1.7 காட்டியது!

ஆர்ஆர் யூனிட் தன் வாசலில் 14.3 இருப்பதைப் பார்த்து 'போதும்' என்று அடக்கி வாசிக்கிறது, பேட்டரிக்கு வந்து சேருவது 12.6. நடுவில் காணாமல் போன 1.7 வோல்ட்டை ஏழு ஆம்பால் பெருக்கினால் பன்னிரண்டு வாட் சூடு, நகக்கண் அளவு இடத்தில். பகலில் ஹெட்லைட் இல்லை, கரண்ட் கம்மி, இழப்பும் கம்மி, அதனால் பிழைத்துக்கொண்டிருந்தது.

டேங்கைக் கழற்றி வயரைத் தடவிக்கொண்டே போனால் ஓரிடத்தில் கை சுட்டது. சிவப்பு இன்சுலேஷன் டேப், மேலே பழுப்பேறி இளகியிருந்தது. பிரித்தால் உள்ளே கப்ளர் உருகி, டெர்மினல் பச்சை பூத்துக் கிடந்தது. "எவன்டா இதைச் சுத்துனது?" என்றார் வாத்தியார். நான்தான். 2014இல் எலி கடித்ததென்று கப்ளரோடு சேர்த்து நானே சுற்றி, அதற்கப்புறம் மாதாமாதம் பிரஷர் வாஷும் விட்டிருக்கிறேன். தண்ணீர் உள்ளே போனது, வெளியே வர வழியில்லை. பட்டறைக்காரர்களைத் திட்டினதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். பாதிதான்.

மூன்றாவது ஞாயிறு அதை வெட்டி எறிந்துவிட்டு தடித்த வயர், புது டெர்மினல், மேலே ஸ்லீவ், கூடவே ஆர்ஆர் யூனிட் பாடியிலிருந்து பேட்டரி மைனஸுக்குத் தனி எர்த். செலவு 180 ரூபாய். ஹெட்லைட் எரியும்போது பேட்டரியில் இப்போது 14.1. வாத்தியாருக்குக் காசு கொடுக்கப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆக்சிலேட்டரை முறுக்கிப் பிடித்தே கை வலி வந்த மச்சானுக்கும், அந்தச் சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட கீழ்வீட்டு அக்காவுக்கும் பெரிய நன்றி. டீக்கடை அண்ணனை அந்த விழுப்புரம் பயணத்திலேயே பார்த்துச் சொல்லலாம் என்று போனேன், கடை சாத்தியிருந்தது. அடுத்த தடவை பகலிலேயே வருகிறேன் அண்ணே.

ஒரு விஷயம். கழற்றிப்போட்ட பழைய ஆர்ஆர் யூனிட்டை வண்டியில் மாட்டிப் பார்த்தோம், அதுவும் 14.2 காட்டுகிறது. மூன்று மஞ்சள் வயர் வண்டிக்காரர் யாருக்காவது ஒத்துவந்தால் சொல்லுங்கள், சும்மாவே தருகிறேன்.