பட்டியலோடு நின்றுவிடக் கூடாது: வன்னிப் பெண்களுக்கு வட்டாரம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வவுனியா, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி ஆகிய நான்கு மாவட்டங்களின் மாதர் சங்கங்களும் ஒரே கூட்டமைப்பாகி, பெண்களின் அரசியல் சமத்துவத்துக்காக வேலை செய்ய வேண்டும் என்று பலரும் சொல்கிறார்கள். நாங்களும் அதையே விரும்புகிறோம். ஆனால் 'உள்ளூர் சபைகளில் பெண்களுக்கு 25 வீதம் தா' என்று பதாகை பிடிப்பதற்கு ஒரு கூட்டமைப்புத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் உள்ளூர் அதிகாரசபைத் தேர்தல் திருத்தச் சட்டத்திலேயே அது வந்துவிட்டது. 2018 பெப்ரவரி 10 தேர்தலுக்கு முன்னர் நாடு முழுவதிலும் 2 வீதம்கூட இல்லாத பெண் உறுப்பினர்கள் அதன்பின் 20 வீதத்தைத் தாண்டியது அந்தச் சட்டத்தால்தான். அப்படியிருந்தும் பல சபைகளில் 25 நிரம்பவில்லை. ஏன் நிரம்பவில்லை என்று கணக்குப் பார்க்கத் தெரிந்த கூட்டமைப்புத்தான் எங்களுக்கு வேண்டும்.

கணக்கு இதுதான். 20 ஆசனமுள்ள ஒரு பிரதேச சபையை எடுத்துக்கொள்வோம். வட்டாரங்களில் நேரே வென்று வருவோர் 12, கட்சிகளின் வாக்கு வீதத்தின்படி பட்டியலிலிருந்து எடுக்கப்படுவோர் 8. பெண்கள் 5 பேர் இருக்க வேண்டும். முதலாவது வேட்புமனுவில், அதாவது வட்டாரங்களுக்கு, பெண்கள் 10 வீதம் இருந்தால் போதும். இரண்டாவது வேட்புமனுவில், அதாவது பட்டியலில், 50 வீதம். கட்சிகள் இதை நன்றாகப் படித்துவிட்டன. வட்டாரத்தில் ஓரிரு பெண்களை, அதுவும் தங்களுக்கு வாக்கில்லாத வட்டாரத்தில் நிறுத்துகிறார்கள். மிச்சப் பெண்களெல்லாம் பட்டியலில்.

இப்போது 40 வீத வாக்கு எடுத்த ஒரு கட்சிக்கு 8 ஆசனம் உரித்து. அந்த 8ஐயும் வட்டாரங்களிலேயே ஆண்கள் வென்றுவிட்டால் அந்தக் கட்சிக்குப் பட்டியல் ஆசனமே கிடையாது. சபையின் மிகப் பெரிய கட்சியிலிருந்து ஒரு பெண்ணும் வர வழியில்லை. மறுபக்கத்தில், 20 வீதத்துக்குக் குறைவான வாக்கும் மூன்றுக்குக் குறைவான ஆசனமும் பெற்ற சிறு கட்சிகளுக்கும் குழுக்களுக்கும் பெண்களை நியமிக்கும் கடப்பாடு இல்லை. வன்னியில் வாக்குகள் பல கட்சிகளாகவும் சுயேச்சைக் குழுக்களாகவும் சிதறுவதை எல்லோரும் அறிவார்கள். ஆக, பாரம் முழுவதும் நடுவிலுள்ள ஒன்றிரண்டு கட்சிகளின் நாலைந்து பட்டியல் ஆசனங்களில் விழுகிறது. 5 பெண்கள் வர வேண்டிய இடத்தில் 3 பேர் வருவது இப்படித்தான்.

வந்தவர்களின் நிலையும் உறுதியானதல்ல. பட்டியலில் யாரை எடுப்பது என்பது கட்சிச் செயலாளரின் கையில். சபையில் எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் 'போனஸில் வந்தவதானே' என்பார்கள். பிறகு நீக்க வசதியாகக் கட்சி திகதி போடாத இராஜினாமாக் கடிதம் கேட்டால் எந்தப் பெண்ணும் கையெழுத்து வைக்க வேண்டாம். கேட்ட கட்சியிடம் கூட்டமைப்பே நேரில் போய்க் கதைக்க வேண்டும்.

எனவே கூட்டமைப்பின் முதல் வேலை, வெல்லக்கூடிய வட்டாரங்களைக் குறித்து வைப்பது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் கடந்த தேர்தலில் எந்தக் கட்சிக்கு எத்தனை வாக்கு, வித்தியாசம் எவ்வளவு என்று ஒரு கொப்பியில் எழுதினால் போதும். 'எங்களுக்குப் பெண் வேட்பாளர்' என்று பொதுவாகக் கேட்டால் கட்சிக்காரர் தலையாட்டிவிட்டுப் போவார். 'இந்த வட்டாரத்தில் இவரை நிறுத்துங்கள்' என்று பெயரோடு கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். இன்னொன்று: வாக்குச்சீட்டில் வேட்பாளரின் பெயர் இராது, கட்சியின் சின்னம் மட்டுமே இருக்கும். வேட்பாளருக்கென்று தனியாக இடும் விருப்பு வாக்கும் இல்லை. 'எங்கட பிள்ளைக்குப் போடுவம்' என்று நினைத்து வரும் அம்மாவுக்கு அந்தப் பிள்ளையின் சின்னம் தெரியாவிட்டால் அவருடைய வாக்கு வேறெங்கோ போய்விடும்.

இரண்டாவது, ஆளைத் தெரிவு செய்யும்போதே தகைமையைப் பார்ப்பது. போட்டியிடும் சபையின் எல்லைக்குள் வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்க வேண்டும். இடப்பெயர்வுக்கும் மீள்குடியேற்றத்துக்கும் பிறகு, தாய்வீட்டு முகவரியில் பெயர், வசிப்பது வேறு பிரதேச சபையில் என்று இருக்கும் பெண்கள் இங்கே ஏராளம். வேட்புமனுக் கோரிய பிறகு அதைத் திருத்த முடியாது. ஆண்டுதோறும் இடாப்பு மீளாய்வு நடக்கும்போதே கிராம அலுவலரிடம் போக வேண்டும். சங்கங்களில் முன்னுக்கு நிற்கும் பெண்களில் பலர் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள். வேலையில் இருந்துகொண்டு போட்டியிட முடியுமா என்பதை முதலிலேயே பார்க்க வேண்டும். சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் சம்பளத்தில் இருக்கும் முன்பள்ளி ஆசிரியைகளும் தங்கள் நிலையைத் தேர்தல் அலுவலகத்தில் முதலிலேயே எழுத்தில் கேட்டு வைப்பது நல்லது.

தாளிலும் சட்ட நுணுக்கத்திலும் சறுக்குவது இன்றைய கதையல்ல. 1927இல் பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தோடு நின்றவரும் பின்னர் லங்கா மகிளா சமிதியை ஆரம்பித்தவருமான மருத்துவர் மேரி ரத்தினம், 1937இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதற் பெண். சட்ட நுணுக்கம் ஒன்றைக் காட்டி அவருடைய ஆசனத்தைப் பறித்தார்கள். 2025இலும் பிறப்புச் சான்றிதழின் உறுதிப்படுத்திய பிரதி இல்லை, சத்தியக் கடதாசி இல்லை என்று எத்தனையோ வேட்புமனுக்கள் நிராகரிக்கப்பட்டு, சில நீதிமன்றம் வரை போயின. ஒருவருடைய தாளில் பிழை என்றால் அதே வேட்புமனுவில் உள்ள பெண்களின் உழைப்பும் சேர்ந்து போய்விடக்கூடும். அடையாள அட்டை, உறுதிப்படுத்திய பிறப்புச் சான்றிதழ், அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணைப்படியான (தனிநாட்டை ஆதரிக்கமாட்டேன் என்ற) சத்தியம், சொத்து மற்றும் பொறுப்புக்களின் பிரகடனம் ஆகிய நான்கையும் ஒரு கோவையில் போட்டு, பெயரின் எழுத்து எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று இரண்டு பேர் தனித்தனியே பார்க்க வேண்டும். கலியாணத்துக்குப் பின் தகப்பன் பெயர் போய்க் கணவன் பெயர் வந்த இடத்தில்தான் பெண்களின் தாளில் முரண்பாடு அதிகம்.

கட்சிகள் மசியாவிட்டால் சுயேச்சைக் குழுவாக இறங்கலாம் என்கிறார்கள். கட்டுப்பணம் கட்சி வேட்பாளருக்கு 1500 ரூபாய், சுயேச்சைக்கு 5000 ரூபாய். சபைக்குரிய முழு எண்ணிக்கையையும் நிரப்ப வேண்டும். 20 பேர் என்றாலே ஒரு இலட்சம். பணம் இருந்தாலும் முதற் தடவையே இதில் இறங்குவதை நாங்கள் சிபாரிசு செய்யமாட்டோம். வென்றாலும் தோற்றாலும், 2023ஆம் ஆண்டின் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டப்படி முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும் வரவு செலவு அறிக்கை கொடுக்க வேண்டும். 'நான் பட்டியலில்தானே, ஒரு சதமும் செலவழிக்கவில்லை' என்று சும்மா இருந்துவிடக் கூடாது.

தெரிவான பிறகுதான் பெரிய வேலை. 'எங்கள் ஊருக்கு வீதி விளக்குப் போடுங்கள்' என்று சபையில் எழுந்து சொன்னால் அது கூட்டறிக்கையில் ஒரு வரியாகக் கிடக்கும். எந்த வீதி, எந்தச் சந்தியிலிருந்து எந்த மதகு வரை, எத்தனை கம்பம், பாதீட்டில் எந்தத் தலைப்பு என்று எழுதி, வழிமொழிய ஒருவரையும் பிடித்து, அமர்வுக்கு முன்னரே செயலாளரிடம் கொடுத்தால் அது பிரேரணை. போன வருடப் பாதீட்டையும் கூட்டறிக்கைகளையும் தர மறுத்தால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சபையின் குழுக்களில் உறுப்பினரல்லாத ஊர்வாசிகளையும் சேர்க்க இடமிருக்கிறது. தோற்ற பெண் வேட்பாளர்களை அங்கே சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

போக்குவரத்தையும் சொல்லியாக வேண்டும். கொக்கிளாய்ப் பக்கத்திலிருந்து முல்லைத்தீவுக்கு வந்து, பின்னேரம் வரை நீளும் அமர்வில் இருந்துவிட்டு, யானை நிற்கும் வீதியால் இருட்டில் திரும்பும் பெண்ணுக்கு ஆட்டோக் காசும் பிள்ளையைப் பார்க்க ஒரு ஆளும் வேண்டும். கூட்டமைப்பின் முதல் நிதி இதற்குத்தான் போக வேண்டும். விடுதிக் கருத்தரங்குகளுக்கு அல்ல.

அமைப்பு முறையில் ஒரு எச்சரிக்கை. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் பதிவுபெற்றவை. கட்சி சார்பைத் தவிர்ப்பது அவற்றின் யாப்பு வழமை. ஆகவே சங்கமோ, சங்கங்கள் சேர்ந்த சமாசமோ நேரே பிரசாரத்தில் இறங்கக் கூடாது. கூட்டமைப்புத் தனியாக, தனிக் கணக்கோடு இருக்கட்டும். போட்டியிடுபவர் சங்கத் தலைவியாகவோ பொருளாளராகவோ இருந்தால் வேட்புமனுவுக்கு முன் அந்தப் பொறுப்பைக் கையளிக்கட்டும். சுழற்சிக் கடன் கணக்கை ஒப்படைக்காமல் போனால் முதற் கேள்வி அந்த ஊரிலிருந்தே வரும்.

பாராளுமன்றம், மாகாண சபை பற்றியும் ஒரு வார்த்தை. பாராளுமன்றத் தேர்தலில் கிளிநொச்சி, யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு சேர்ந்தது. வன்னித் தேர்தல் மாவட்டத்தின் 6 பாராளுமன்ற ஆசனங்களுக்கு ஒரு கட்சி 9 பெயர் போடுகிறது. அதில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. மாகாண சபைக்கு 2017 திருத்தம் வேட்புமனுவில் 30 வீதம் கேட்கிறது. ஆனால் மாகாண சபைத் தேர்தல் எல்லை நிர்ணயத்தில் சிக்கியதால், 2018 ஒக்ரோபருக்குப் பின் வடக்கில் தெரிவான சபையே இல்லை. அந்தத் தேர்தல் எப்போது அறிவிக்கப்பட்டாலும் வேட்புமனுவுக்குக் கிடைப்பது சில வாரங்கள்தான். ஒவ்வொரு பிரதேச செயலர் பிரிவிலிருந்தும் மூன்று பெண்களின் பெயரும் அவர்களின் கோவையும் அதற்கு முன்னரே தயாராக இருக்க வேண்டும். அடுத்த இடாப்பு மீளாய்வோடு தொடங்கலாம்.

இங்ஙனம்,
மாதர் சங்கங்களோடு பணியாற்றும் சிலர்,
வன்னி.