தாராசுரத்தில் மைக் இல்லாமல் ஒரு கச்சேரி

ஆசிரியருக்கு வணக்கம்.

பழங்கோயில் வளாகங்களில் மாலை நேரத்தில் இலவசக் கச்சேரி வைக்க வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. நல்லதுதான். ஆனால் திறந்தவெளி என்றதுமே முதல் முன்பணம் ஒலிபெருக்கிக்காரருக்குப் போய்விடுகிறது. வீணை, வயலின், மிருதங்கம் மட்டும் சேர்ந்த சேம்பர் கச்சேரிக்கு (சிறிய அவைக்கான கச்சேரிக்கு) அது தேவையே இல்லை. 2004இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த, கும்பகோணம் அருகிலுள்ள தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலை எடுத்துக்கொள்வோம். பலிபீடத்துப் படிகளைத் தட்டினால் சுரம் பேசும் என்று பெயர் வாங்கிய கோயில் அது. அங்கே போய் ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்குவானேன்?

முதலில் கவனிக்க வேண்டியது உட்காரும் இடம். வெட்டவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி 6 டெசிபெல் குறையும். 3 மீட்டரில் துல்லியமாகக் கேட்ட கமகம் (சுரத்தின் அசைவு) 12 மீட்டரில் 12 டெசிபெல்லை இழந்து, காக்கைச் சத்தத்தில் கரைந்துவிடும். ஆகவே முற்றத்தின் நடுவில் மேடை போடக் கூடாது. மண்டபத்தின் விளிம்பில், முதுகுக்குப் பின்னால் ஒன்று ஒன்றரை மீட்டரில் கற்சுவரும் தலைக்கு மேல் கல்கூரையும் இருக்கும்படி உட்கார வேண்டும். இரண்டும் ஒலியை முன்னால் தள்ளிக் கொடுக்கும். நடு முற்றத்தில் இந்த உதவி கிடையாது. எதிர் மதில் வேறு வம்பு செய்யும். மதில் 20 மீட்டரில் இருந்தால் ஒலி போய்த் திரும்ப 0.12 நொடி ஆகிறது. மிருதங்கம் துரித காலத்துக்குப் போனதும் ஒவ்வொரு சொல்லும் (தட்டின் ஒலியும்) இரண்டாகக் கேட்கும். பலகை மேடையும் வேண்டாம். உள்ளே கூடாக இருப்பதால் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் நாதம் 'கும்'மென்று ஊதிப்போகும். கல்தரையில் ஜமக்காளம் விரித்தால் போதும்.

அடுத்தது கூட்டம். இலவசம் என்றால் ஆயிரம் பேர் வரலாம். வீணை அத்தனை பேருக்குக் கேட்காது. கலைஞர்களைச் சுற்றி 7 மீட்டர் அரைவட்டத்தில் தரையில் நெருங்கி உட்கார்ந்தால் சுமார் 100 பேர் கொள்ளும். இலவச டோக்கன் கொடுத்து, அதே கச்சேரியை 45 நிமிட அளவில் இரண்டு முறை வாசிக்கலாம். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கேட்டாக வேண்டுமென்றால் நாகஸ்வரத்தை அழையுங்கள். அது திறந்தவெளிக்கென்றே பிறந்த வாத்தியம். (அதற்கும் மைக் வைக்கும் கொடுமையை என்னவென்று சொல்வது!)

நேரத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தை, மாசி மாதங்களில் மாலை நாலரைக்குத் தொடங்கி ஆறேகாலுக்குள் முடித்துவிட வேண்டும். அதற்கு மேல் பனி இறங்கும். ஈரம் பட்டால் மிருதங்கத் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். கல்லும் கட்டையுமாகத் தோல் விளிம்பின் பின்னலை (மூட்டு) தட்டித் தட்டி ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டிவரும். காற்று வறண்டு அடித்தால் இதற்கு நேர்மாறு: வலப்பக்கமான வலந்தலை விறைத்துச் சுருதி ஏறும், தொப்பியில் ஒட்டிய ரவை காய்ந்து வெடிக்கும். கிண்ணத்தில் தண்ணீரும் கொஞ்சம் பிசைந்த ரவையும் பக்கத்திலேயே இருக்கட்டும். அதே சுருதியில் இன்னொரு மிருதங்கமும் தயாராக இருப்பது நல்லது.

வீணையை வெயிலில் வைக்கவே கூடாது. அதன் 24 மெட்டுகளும் (தந்தியை அழுத்தும் உலோகக் கட்டைகள்) மெழுகில்தான் நிற்கின்றன. மெழுகு இளகி ஒரு மெட்டு நகர்ந்தால் அந்தச் சுரம் அன்றைக்குப் பேசாது. வாத்தியங்களை அரை மணி நேரம் முன்பே உறையிலிருந்து எடுத்து, வாசிக்கப்போகும் இடத்திலேயே நிழலில் வைத்து, அதன்பிறகு சுருதி சேர்க்க வேண்டும். காரிலிருந்து இறங்கியதும் சேர்த்த சுருதி பத்து நிமிடம்கூட நிற்காது. மின்னணுச் சுருதிப்பெட்டியின் சின்ன ஸ்பீக்கர் வெளியில் எடுபடாது. இரண்டு தம்புராக்கள் இருந்தால் கலைஞர்களின் காதுக்குச் சுருதி தப்பாமல் கிடைக்கும்.

ஜெனரேட்டரைக் கண்ணுக்கு மட்டுமல்ல, காதுக்கும் எட்டாத தூரத்தில் நிறுத்துங்கள். பேட்டரி எல்இடி விளக்கிருந்தால் ஜெனரேட்டரே வேண்டாம். வெள்ளை வெளிச்சத்தைவிட மஞ்சள் வெளிச்சத்துக்குப் பூச்சி குறைவாக வரும். தூணில் கயிறு கட்டுவது, கல்லில் நாடா ஒட்டுவது, சிற்பத்தின் மேல் எண்ணெய் விளக்கு வைப்பது எதுவும் கூடாது.

அனுமதி பற்றி ஒரு வார்த்தை. தாராசுரம் கோயிலைப் போல மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள சின்னங்களில் கூட்டமோ கலை நிகழ்ச்சியோ நடத்த, 1959ஆம் ஆண்டு விதிகளின் 7ஆம் விதிப்படி மத்திய அரசின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். வழக்கமான சமயச் சடங்குகளுக்கு மட்டுமே விலக்கு. கச்சேரியைச் சடங்கென்று எழுதிக் கொடுத்துத் தப்பிக்கப் பார்க்காமல், உட்காரும் இடம், ஆள் கணக்கு, விளக்கு விவரம் மூன்றையும் வரைபடத்தோடு இணைத்து முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். 'ஒலிபெருக்கி இல்லை' என்ற ஒரு வரியை அந்த விண்ணப்பத்தில் முதலில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
இசை வாசகர், கும்பகோணம்