கொல்லைக் குட்டை

அன்புள்ள மலருக்கு,

அப்பா எழுதுகிறேன். போன் போட்டால் "மீட்டிங்கில் இருக்கேன்பா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் இவ்வளவு நீளம், முடிந்தபோது படி. நேரத்துக்குச் சாப்பிடு.

இங்கே ஐப்பசி மழை விட்டபாடில்லை. முற்றத்தில் கணுக்கால் தண்ணீர், ரெண்டு நாளாக வடியவில்லை, அம்மா நெல் மூட்டையை எல்லாம் கூடத்துப் பெஞ்சில் ஏற்றிவிட்டாள். நீ அனுப்பிய பள்ளிக்கூடப் படத்தைத் தெரு முழுக்கக் காட்டியாகிவிட்டது. நடுவில் முற்றம் விட்டு, புளியமரத்தை வெட்டாமல் சுவரை வளைத்திருக்கிறாயே, பெருமையாகத்தான் இருந்தது. ஊரார் மரத்துக்குச் சுவரை வளைக்கிறவளுக்கு ஆவணியில் சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரு நாள் கிடைக்கவில்லை. சரி, விடு. அவர் மூன்று தடவை கேட்டார், பாப்பா எப்ப வருது என்று.

தாத்தா இந்த வீட்டைக் கட்டும்போது முதலில் வாட்டம்தான் பார்த்தாராம். நம் டெல்டா மொத்தமும் கிழக்கே லேசான சரிவு, கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். நாலு பக்க ஓட்டுத் தண்ணீரும் முற்றத்தில் விழுந்து, தூம்பு வழியாகக் கொல்லைக் குட்டைக்குப் போகும், அது நிறைந்தால் வாய்க்கால். குட்டையில் வெட்டிய மண்தான் வீடு நிற்கிற மேடு. திருவாரூரில் கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்பார்களே, கோயில் அளவுக்கே குளம், அந்தக் கணக்கைத்தான் தாத்தா சின்னதாகப் போட்டிருக்கிறார். 2018 நவம்பரில் கஜா புயல் வந்து ஓடு போச்சு, தென்னை போச்சு, ஆனால் விடிந்து பார்த்தால் முற்றத்தில் தண்ணீர் நிற்கவில்லை, நீயே பார்த்தாய்.

அந்தக் குட்டையைத் தூர்த்தது சித்தப்பா இல்லை மலர். நான்தான். உன் கல்யாணப் பந்தலுக்கு இடம் போதாதென்று, நீ ஊரில் இல்லாத வாரம் பதினோரு டிப்பர் சவுடு மண் அடித்தேன். நீ வந்து கத்தினாய், கல்யாண வீட்டில் அப்பனும் மகளும் சண்டை போட வேண்டாமென்று சித்தப்பா "நான்தாம்மா சொன்னேன்" என்று முந்திக்கொண்டார். நான் பந்தக்கால் குழியைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றேன். நீ அவரிடம் பேசி ஐந்து வருஷம் ஆகிறது. இன்றைக்கு வரைக்கும் அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

மழை விட்டதும் மண்ணை அள்ள ஆள் சொல்லியிருக்கிறேன். குட்டையின் பழைய படிகள் எத்தனை, எங்கே தொடங்குகிறது என்று எனக்கு மறந்துவிட்டது, நீதானே எண்ணிக்கொண்டே இறங்குவாய். வந்து காட்டினால் நல்லது. அதற்கு முன்னால் சித்தப்பாவுக்கு ஒரு போன் போடு, எனக்கு அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா