புரூனோ ஆற்றங்கரையின் வெந்நீர் நத்தை

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரை ஓயாமல் இறைத்துச் சுரங்கத்தைக் காத்தவன் நீ என்பதால், மகள் வீட்டுக்கு அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துக்கு வந்த இடத்தில் நான் அறிந்துகொண்ட ஒரு நத்தையைப் பற்றி உனக்கு எழுதத் தோன்றியது.

புரூனோ வெந்நீர் நத்தை என்கிறார்கள். அதன் ஓடு மூன்று மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. மாநிலத்தின் தென்மேற்கில், புரூனோ ஆற்றின் ஏறத்தாழ எட்டு கிலோமீட்டர் நீளத்தில் பாறை இடுக்குகளிலிருந்து கசியும் வெந்நீர் ஊற்றுகளையும், அதில் வந்து சேரும் ஹாட் கிரீக் ஓடையையும் தவிர, உலகில் வேறெங்கும் இந்த உயிர் கண்டறியப்படவில்லை. பாறைமேல் மெல்லிய படலமாக வழியும் நீரே அதற்குப் போதும். 35 பாகை செல்சியஸ் வெப்பத்தையும் தாங்கிக்கொண்டு, பாசியையும் டயாட்டம் எனும் ஒருசெல் நுண்பாசிகளையும் சுரண்டித் தின்று வாழ்கிறது.

அந்த ஊற்றுகளுக்கு நீர் தரும் நிலத்தடி வெந்நீரைத்தான் பாசனத்துக்காகவும் ஆழ்துளைக் கிணறுகள் பல்லாண்டுகளாக இறைத்து வருகின்றன. அழுத்தம் குறையக் குறைய மேட்டிலுள்ள ஊற்றுகள் முதலில் அடங்கும் என்பதை உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஹாட் கிரீக்கின் தலைப்பில், 'இந்தியன் பாத்டப்' எனப்படும் ஊற்று அப்படித்தான் ஒடுங்கியது. திடீர் வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய வண்டலை அடித்துச் செல்லும் வேகமும் அதன் நீருக்கு இல்லாமல் போயிற்று. போதாக்குறைக்கு, வெளியிலிருந்து வந்து சேர்ந்த திலாப்பியா மீன்களாலும் நத்தைக்கு ஆபத்து.

1993 ஜனவரியில் அமெரிக்க நடுவண் அரசு இந்த நத்தையை அழியும் நிலையிலுள்ள உயிரினமாக அறிவித்தது. விவசாயிகள் சங்கம் வழக்குத் தொடுத்தது. அவ்வாண்டே கீழ்நீதிமன்றம் அறிவிப்பை ரத்துசெய்தது. நிலத்தடி நீர் பற்றிய ஓர் ஆய்வறிக்கையைப் பொதுமக்கள் கருத்துக்கு வைக்காதது நடைமுறைப் பிழைதான் என்று 1995-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. ஆயினும் அதற்காக நத்தையின் பாதுகாப்பை நீக்க வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. விவசாயிகளைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. அந்த வறண்ட நிலத்தில் நீர் இல்லாவிட்டால் விளைச்சல் ஏது? ஆனால், ஓடைக்கரையில் மாடுகள் இறங்காமல் வேலி போடுவதைப் பெரிய பாதுகாப்பாகச் சொல்லும்போதுதான் எனக்குச் சற்று எரிச்சல் வருகிறது. வேலி வண்டலைக் குறைக்கலாம். நீரின் அழுத்தத்தைக் கூட்டுமா?

இறைப்பைக் குறைத்தால், எரிமலைப் பாறைக்குள் இருக்கும் இத்தகைய நீருக்கு இழந்த அழுத்தம் திரும்ப எவ்வளவு காலம் பிடிக்கும் என்று உன்னால் மதிப்பிட முடியுமா? விரிவாக எழுது.

அன்புடன்,
இராமநாதன்