அப்பாவுக்கு, மான்செஸ்டரிலிருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்து நாளாகிவிட்டது. வேலை அப்படி, கோபித்துக்கொள்ளாதீர்கள். இங்கே நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. இரண்டு கம்பளி இருப்பதால் ராத்திரியில் ஹீட்டர் போடுவதில்லை, அதுவே போதும். அத்தை கொடுத்த பருப்புப்பொடி இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

பக்கத்து வீட்டுப் பெரியவரை நினைத்து நீங்கள் பயப்பட வேண்டாம். அவர் போகிற சங்கக் கூட்டத்தைப் பற்றி, கழுத்துப் பட்டை, ரகசியச் சொல், மூடிய கதவு என்று நான் எழுதியதைப் பார்த்துச் சித்தப்பா, ஃப்ரீமேசன் என்ற ரகசியச் சங்கத்தாரின் எழும்பூர் ஹால் கதையெல்லாம் சொல்லியிருப்பார். இவர் இருப்பது ஆட்ஃபெல்லோஸ் என்ற வேறு சங்கம். இவர்களுடைய மான்செஸ்டர் பிரிவு 1810இல் தொடங்கியது. அந்தக் காலத்தில் கூலிக்காரன் காய்ச்சலில் படுத்தால் வீட்டில் அடுப்பு எரியாது, செத்தால் அடக்கம் செய்யக் காசிருக்காது. அதனால் பப் என்கிற மதுக்கடையில் கூடி, ஆளுக்குக் கொஞ்சம் பெட்டியில் போட்டு வைத்தார்கள். நம் தெருவில் சாவு வீட்டுக்குப் பணம் சேர்த்துக் கொடுப்பார்களே, அந்த மாதிரிதான்.

ரகசியச் சொல்லும் வீண் வேஷமில்லை. அந்தக் காலத்தில் வேலை தேடி வெளியூர் போன உறுப்பினர் அங்குள்ள கிளையில் அதைச் சொன்னால் படுக்க இடமும் வழிச்செலவுக்குக் காசும் கிடைத்தது. வேறு யாரும் ஏமாற்றி வாங்கிவிடக் கூடாது இல்லையா? ஆனால் ஏழைகள் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாலே அதிகாரத்தில் இருந்தவர்களுக்குச் சந்தேகம். 1834இல் டால்பட்டில் என்ற கிராமத்தில் ஆறு பண்ணைக் கூலிகள், கூலியைக் குறைத்ததால் சங்கம் சேர்ந்து சத்தியம் செய்தார்கள். அந்தச் சத்தியத்தையே குற்றமாக்கி, ஏழு வருஷத் தண்டனை கொடுத்து ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றினார்கள். ஊரெல்லாம் கொதித்தெழுந்த பிறகுதான், 1836இல் மன்னிப்பு வந்தது. பெரியவர் இதைச் சொல்லும்போது அவர் கை நடுங்கியது. எனக்கும் ஆத்திரம் தாங்கவில்லை அப்பா.

1948இல் அரசாங்கமே இலவச வைத்தியத்தைத் தொடங்கியதும் இந்தச் சங்கங்களின் தேவை குறைந்துவிட்டது. இவர் கிளைக்கு இப்போது வருகிறவர்கள் எல்லாம் வயதானவர்கள். ஆனாலும் நோயாளியைப் போய்ப் பார்க்கும் பழக்கத்தை அவர் விடவில்லை. போன மாதம் எனக்குக் காய்ச்சல். இப்போது சுத்தமாகச் சரியாகிவிட்டது, அம்மாவிடம் சொல்ல வேண்டாம். காலையும் மாலையும் கதவைத் தட்டி, மிளகே போடாத ஒரு சூப்பைக் கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நான் அவர் சங்கத்து ஆள்கூட இல்லை.

இங்கே வந்து இறங்கிய ராத்திரியில், சொன்னதும் கதவு திறக்கிற ஒரு சொல் என்னிடம் இருந்ததா? அந்தக் காய்ச்சலில் அம்மா வைக்கிற ரசத்தின் வாசனை வந்துகொண்டே இருந்தது. உங்கள் இருமல் சத்தம் கேட்டது போல எழுந்து உட்கார்ந்துவிட்டேன். எல்லோரையும் பார்க்க வேண்டும் போலிருக்கிறது அப்பா.

சரி, வீட்டு விஷயம். இந்த மாதம் பணம் கொஞ்சம் குறைவாக வரும், அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன். அதில் முதலில் தங்கையின் பரீட்சைக் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள். சீட்டுப் பணத்துக்கு மாமாவிடம் ஒரு வாரம் தவணை கேளுங்கள், கொடுப்பார். மழைக்கு முன்னால் பின்கட்டுக் கூரை ஓடுகளை மாற்றிவிட வேண்டும். வரப்புத் தகராறில் பெரியப்பாவிடம் நீங்களாகப் பேச்செடுக்காதீர்கள், முதலில் சர்வேயரை வைத்து அளக்கச் சொல்லுங்கள். பட்டா நகல் ஒன்று எனக்கும் அனுப்புங்கள்.

உங்கள் அன்பு மகன்