மாஸ்டர்ஸ் சைக்கிள் சாலைப் பந்தயப் பிரிவு: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் நெடுநேரம் விவாதித்தது வயதுப் பிரிவைப் பற்றித்தான். அந்தத் தீர்மானத்தின்படி, மாஸ்டர்ஸ் எனப்படும் மூத்த வீரர்கள் எல்லோரையும் ஒரே கூட்டமாகக் கிளப்புவதை நிறுத்திவிட்டு, பத்து வயதுக்கு ஒரு பிரிவாகத் தனித்தனியே கிளப்பினோம். சர்வதேச சைக்கிள் சங்கமான யூ.சி.ஐ.யின் விதிப்படி 30 வயதிலேயே ஒருவர் மாஸ்டர்ஸ் வீரராகலாம். 31 வயதுக்காரரும் 64 வயதுக்காரரும் ஒரே பட்டியலில் இருந்ததற்கு அதுதான் காரணம். அப்புறம், பதிவின்போது அடிக்கடி எழும் சந்தேகம் ஒன்று: பந்தயம் நடக்கும் ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்து வருவதுதான் பந்தய வயது. பிறந்த நாள் வந்துவிட்டதா என்று பார்ப்பதில்லை.

இந்த மாற்றம் தேவையா என்று கேட்டவர்களுக்கு இந்த ஆண்டுப் பந்தயங்களே பதில் சொல்லிவிட்டன. வேகமாகப் போகும்போது நம் உழைப்பில் பெரும்பகுதியைக் காற்றுதான் தின்கிறது. முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டியே ஓட்டினால் அதில் கால் பங்குக்கு மேல் மிச்சமாகும். ஒரு மேட்டில் கூட்டத்திலிருந்து கழன்றுகொண்டவருக்கு அந்த மிச்சம் அப்படியே போய்விடும். அதற்குப் பிறகு எவ்வளவு மிதித்தாலும் எட்டிப்பிடிப்பது கடினம். முன்பு அறுபதைத் தாண்டியவர்களுக்கு முதல் மேட்டோடு பந்தயம் முடிந்துவிடும். மீதி தூரம் தனியாக ஓட்டி முடிப்பார்கள். இந்த ஆண்டு அவர்கள் கூட்டத்திலிருந்து பிரிந்து முன்னே ஓடினார்கள், துரத்தினார்கள், எதிர்க்காற்றில் முறை வைத்து முன்னே வந்து இழுத்தார்கள், கடைசி நேர்ச்சாலையில் தோளோடு தோள் நின்று ஸ்பிரின்ட் அடித்தார்கள். ஆண்டின் மிகச் சிறந்த பந்தயத் தந்திரத்தை அந்தப் பிரிவில்தான் பார்த்தேன்.

வயதானபின் வேகத்தைக் கூட்ட முடியாது என்று நம்மில் சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. பிரான்சின் ரொபேர் மார்ஷான் 2014இல், 102 வயதில், ஒரு மணி நேரத்தில் 26.927 கி.மீ. ஓட்டினார். முந்தைய முறை 2012இல், 100 வயதில் ஓட்டிய தூரத்தைவிட அது அதிகம். பயிற்சியில் பெரும்பகுதியை மெதுவாகவும், கொஞ்சத்தைக் கடுமையாகவும் ஓட்டி, 101 வயதுக்கும் 103 வயதுக்கும் இடையே உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறனையும் அவர் கூட்டிக்கொண்டார்.

உடல்நலம் பற்றி இரண்டு சொல்ல வேண்டும். சைக்கிள் ஓட்டும்போது உடல் எடை எலும்பின் மேல் அதிகம் விழுவதில்லை. அதனால் சைக்கிள் மட்டுமே ஓட்டினால் எலும்பு வலுப்பெறாது. வாரத்தில் இரண்டு நாளாவது எடை தூக்கும் பயிற்சி செய்யுங்கள். இரண்டாவது, பல ஆண்டுகள் கடுமையாக ஓட்டியவர்களிடம் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் சிக்கல் கூடுதலாகக் காணப்படுகிறது. நெஞ்சு படபடத்தால் பந்தயத்தை விட்டுவிட்டு மருத்துவரிடம் போங்கள். டெஸ்டோஸ்டிரோன் போன்ற மருந்தை மருத்துவரே எழுதித் தந்தாலும், முறையான விலக்கு அனுமதி இல்லாமல் எடுத்துக்கொண்டு போட்டியிட்டால் அது ஊக்கமருந்துதான். ‘அமெச்சூர் பந்தயம்தானே’ என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

சிறிய சுற்றுப்பாதையைப் பலமுறை சுற்றி ஓட்டும் கிரைட்டீரியம் பந்தயத்தின் கடைசி வளைவில் ஒருவர் ஸ்பிரின்ட் நடுவே தன் தடத்தை விட்டு விலகியதால் இருவர் விழுந்தனர். ஒருவருக்குக் காறை எலும்பு முறிந்தது. இப்போது குணமாகிப் பயிற்சிக்கு வருகிறார். விலகியவரை நடுவர்கள் கடைசி இடத்துக்குத் தள்ளியது சரியான முடிவு. ஒவ்வொருவராகக் கிளம்பி நேரத்தோடு போட்டியிடும் டைம் டிரையல்கள் குறையின்றி நடந்தன.

பிரிவுகள் கூடியதால் வேலையும் கூடியது. ஒரு பிரிவு இன்னொன்றைத் தாண்டும் நேரம்தான் மிக ஆபத்தானது. இரண்டும் கலந்துவிடாமல் மெதுவான பிரிவை ஓரமாக அடக்கிவைக்க மோட்டார் சைக்கிளில் ஆள் வேண்டும், சந்திப்புகளில் கொடியோடு பாதையைக் காக்கும் மார்ஷல்கள் அதிக நேரம் நிற்க வேண்டும். இந்த ஆண்டு நின்றவர்களில் பெரும்பாலோர் வீரர்களின் குடும்பத்தினர். அவர்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது, ஆனால் நம் பந்தயத்தை அவர்கள் தலையில் சுமத்திக்கொண்டே இருப்பது நியாயமில்லை. அதனால் நிர்வாகக் குழு முன்வைக்கும் தீர்மானம் இது: ஆண்டுக்கு ஒரு பந்தயத்திலாவது மார்ஷலாக நிற்காத வீரருக்கு அடுத்த ஆண்டுப் பதிவு கிடையாது. ஒரு பந்தய நாளை இழக்க வேண்டுமே என்று சிலர் வருந்துவது புரிகிறது. மார்ஷல் இல்லாத சந்திப்புக்குள் கூட்டத்தை அனுப்ப நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன்.

பெண்கள் இப்போது ஐம்பது வயது ஆண்களோடு சேர்ந்தே கிளம்புகிறார்கள். அடுத்த ஆண்டு, எத்தனை பேர் வந்தாலும், அவர்களைத் தனியே கிளப்ப வேண்டும் என்பது இரண்டாவது தீர்மானம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இந்த அறிக்கையை ஏற்று, இரண்டு தீர்மானங்களையும் வாக்கெடுப்புக்கு விடும்படி தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்