மலையில் பிறந்தவளுக்கு

ஹட்டன்
செப்டெம்பர் 9

அன்பு மகளுக்கு,

இந்த மாதக் கடைசியில் கூட்டாளிகளோடு லடாக்கின் லே பட்டணத்துக்குப் போகிறாய் என்று அம்மா சொன்னா. "மலையில பிறந்தவளுக்குக் குளிர் பழக்கம்தானே" என்றாயாம். அந்தத் தைரியத்துக்குப் பயந்துதான் எழுதுகிறேன்.

பத்து வயதிலேயே சிவனொளிபாத மலையில் என்னை முந்திக்கொண்டு ஏறினவள் நீ. சரி. ஆனால் அது 2,243 மீற்றர். இலங்கையிலேயே உயர்ந்த பீதுருதாலகால மலை 2,524. லேயில் கடைத்தெருவே சுமார் 3,500 மீற்றரில் இருக்கிறது பிள்ளை. கடற்கரையில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஒட்சிசனில் மூன்றில் இரண்டு பங்குதான் அங்கே. டில்லியில் விமானம் ஏறி அந்த உயரத்தில் போய் இறங்கினால், பழகிக்கொள்ள உடம்புக்கு நேரமே இல்லை. முதல் இரண்டு நாளும் எங்கேயும் போகாதே. படு, தண்ணீர் குடி, மெதுவாக நட. தலையிடியோ வாந்தியோ வந்தால் அதற்கு மேலே ஏறாதே. சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினால், நடை தள்ளாடினால், உடனே ஆஸ்பத்திரி, அப்புறம் கீழே இறங்குவதுதான். கூட்டாளிகள் என்ன நினைப்பார்களோ என்று மறைத்துவிடாதே மகள்.

நம்முடையது ஈரக் குளிர். அங்கே காய்ந்த குளிர். பண்டாரவளை அத்தை வீட்டுக்குப் போகும்போது, பட்டிப்பொல தாண்டி மழையோடு சுரங்கத்துக்குள் நுழையும் ரயில், ஒஹியாப் பக்கம் வெயிலில் வெளியே வருமே, கைதட்டுவாய். தென்மேல் பருவக்காற்று வட்டவளையிலும் இங்கேயும் கொட்டித் தீர்த்துவிட்டு, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊவாவுக்கு வெறும் காற்றாகத்தான் போகும். இமயமலையும் அப்படியே மழையைத் தடுத்துவிடுகிறது. வட்டவளையில் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. லேயில் சுமார் 100தான்.

அதனால் அந்த மண்ணுக்கு மழை தாங்காது. 2010 ஆகஸ்டில் ஓர் இரவு கொட்டிய மழையில் சேறும் கல்லும் இறங்கி 200 பேருக்கு மேல் இறந்தார்கள். மண்சரிவைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. வானம் கறுத்தால் ஓடைக்கரையில் தங்காதே.

செப்டெம்பர் கடைசியில் பகலில் 20 பாகை வரை இருக்கும், நல்ல வெயில். நிழலுக்குப் போனால் குளிரும், இரவில் 5 பாகைக்குப் பக்கம் இறங்கும். பாங்கொங் ஏரி இன்னும் உயரம், அங்கே இரவில் தண்ணீர் உறையலாம். ஒரு தடித்த ஸ்வெட்டரை நம்பிப் போகாமல், கழற்றி மாட்ட இரண்டு மூன்று உடுப்பு வை. உதடு வெடிக்கும், வாஸ்லின் எடுத்துக்கொள். அந்த ஏரிக்குப் போக வெளிநாட்டுக்காரருக்கு அனுமதிச் சீட்டு வேண்டும், கடவுச்சீட்டை மறக்காதே.

அம்மா அனுப்பிய தேயிலைத்தூளில் கொஞ்சம் கொண்டுபோ. அந்த உயரத்தில் தண்ணீர் 88 பாகையிலேயே கொதித்துவிடும், சாயம் லேசில் இறங்காது. ஒரு கரண்டி கூடப் போட்டு, மூடி வைத்துக் குடி.

அப்பா